42-இல் 17 போனால் 35: ஆசிரியர் பயிற்சிக்குக் கிளம்பும் முன்

கேள்வி: பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறேன். அடுத்து தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசை. "ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்?" என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், நேர்முகமும் உண்டு. "குழந்தைகளைப் பிடிக்கும்" என்பதற்கு மேல் எனக்கு ஒரு வரியும் வரவில்லை. கணக்கில் நான் சுமார். நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம். கையில் நான்கு மாதம் இருக்கிறது. எப்படித் தயாராவது?

பதில்: அந்த ஒரு பக்கத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அதைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட நேர்முகங்களில் மேசைக்கு எதிர்ப்பக்கம் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். "குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்" என்று சொல்லாதவர்கள் குறைவு. பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த குழந்தையோடு ஒரு மணி நேரம் விளையாடுவது வேறு. முப்பது குழந்தைகள் இருக்கும் அறையில், மதியத் தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரத்தில், ஒருவன் பென்சிலை மூக்குக்குள் விட்டுக்கொண்டிருக்க, ஒருத்தி ரப்பரைக் காணோம் என்று அழ, கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடுப்பது வேறு. பிரியம் மட்டும் கையில் இருந்தால் சீக்கிரம் களைத்துப்போவீர்கள்.

வேறென்ன வேண்டும்? ஒரு நோட்டைத் திறந்து பார்ப்போம். ஒரு குழந்தை 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது. உங்களுக்கு முதலில் எது தோன்றுகிறது? "ஐயோ, 25 அல்லவா" என்றா? "இந்த 35 எங்கிருந்து வந்தது?" என்றா?

வந்த வழி இதுதான். ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று குழந்தை எப்போதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டது. பத்தின் இடத்தில் 4-இல் 1 போக 3. ஆக 35. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் எழுதிவிடாதீர்கள். குழந்தை கவனமாகத்தான் செய்திருக்கிறது, கைக்கொண்ட விதிதான் தவறு. இதே குழந்தையிடம் 61-இலிருந்து 28-ஐக் கழிக்கச் சொன்னால் பெரும்பாலும் 47 வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இன்னும் பத்துக் கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால், தவறான விதியைப் பத்து முறை பழகிக்கொண்டு வரும். மாறாக, நான்கு கட்டுக் குச்சியையும் இரண்டு உதிரிக் குச்சியையும் கையில் கொடுத்து, "இதில் பதினேழு எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். ஒரு கட்டை அவிழ்க்காமல் ஏழு குச்சி தர முடியாது என்பதை அதன் விரல்களே கண்டுபிடிக்கும்.

அந்த 35-இன் பின்னால் போக உங்களுக்குத் தோன்றுகிறதா என்பதுதான் என் கேள்வி. தோன்றுகிறதென்றால் இந்த வேலையில் உங்களுக்குச் சலிப்பு தட்டாது. நிலையான வேலை, விடுமுறை, வீட்டில் சொன்னார்கள் என்ற காரணங்களில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் அவை வேறு பத்து வேலைக்கும் பொருந்துகிற காரணங்கள்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்திருப்பார் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் எழுதினார். அத்தனை மணி நேரமும் பார்த்தது மாணவரின் இருக்கையிலிருந்துதான். ஆசிரியர் ஏன் அந்தக் கேள்வியை அந்தக் குழந்தையிடம் கேட்டார், முந்தின நாள் ராத்திரி என்ன யோசித்தார் என்பதெல்லாம் நம் கண்ணில் படவில்லை. அதனால் பயிற்சியில் சரியாக யோசிக்காத நேரத்தில் நம் பழைய ஆசிரியர் ஒருவர் நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்வார். எனக்கு அது நடந்திருக்கிறது. முதல் வருடம் வகுப்பில் நான் போட்ட அதட்டல், நான் நடுங்கிய ஓர் ஆசிரியரின் அச்சு அசல் குரல்.

எனவே முதல் வேலை: உங்களுக்குப் பிடித்த ஓர் ஆசிரியர், பிடிக்காத ஓர் ஆசிரியர், இருவரைப் பற்றியும் எழுதுங்கள். "அன்பானவர்", "கண்டிப்பானவர்" என்ற சொற்களுக்குத் தடை. என்ன செய்தார் என்று மட்டும் எழுத வேண்டும். யாராவது தப்பாகப் பதில் சொன்னால் அவர் முகம் எப்படி இருக்கும்? கரும்பலகையில் எழுதும்போது எங்கே நிற்பார்? கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பார்?

காத்திருப்பது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். 1970-களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன. அதுவரை வாயே திறக்காத குழந்தைகளும் பேசத் தொடங்கினார்கள். ஆளில்லாத அறையில் ஒரு கேள்வியைச் சொல்லிவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள். எவ்வளவு நீளம் என்று தெரியும்!

இரண்டாவது வேலை, தெரிந்த வீட்டில் ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் ஒரு குழந்தையைப் பிடியுங்கள். பெற்றோரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். பாடம் நடத்த வேண்டாம். படம் வரையட்டும், கதை சொல்லட்டும், எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்து, வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு நாள் ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, அதில் ஒன்றைக் குழந்தையின் கண்முன்னே ஒல்லியான உயரக் கண்ணாடி டம்ளருக்கு மாற்றுங்கள். எதில் அதிகம் என்று கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தை அநேகமாக உயரமானதைத்தான் காட்டும். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே பிரபலமாக்கிய சோதனை இது. பயிற்சியின் உளவியல் பாடத்தில் எப்படியும் வரும். திருத்தாதீர்கள், "ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். குழந்தை சொல்லும் பதிலை அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

எழுத்தையும் கவனியுங்கள். "கெ" என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ ககரத்துக்குப் பிறகு வருகிறது. காதால் கேட்ட வரிசையிலேயே எழுதும் குழந்தை ககரத்தை முதலில் போட்டு, கொம்பைப் பின்னால் ஒட்டிவிடும். நூற்று இருபத்தைந்தை 10025 என்று எழுதுவதும் இந்த ரகம்தான்: காதில் விழுந்த நூறு, அதன் பக்கத்தில் இருபத்தைந்து. அந்தக் கை எந்த வழியில் போனது என்று யோசித்து இரண்டு வரி எழுதிப் பழகினால், பயிற்சியில் வகுப்பறை உற்றுநோக்கலுக்கு நோட்டு எழுதச் சொல்லும்போது திணற மாட்டீர்கள்.

கணக்குக்கு வருவோம். நுண்கணிதத்தில் சுமார் என்றால் விடுங்கள். 0.45 பெரியதா, 0.6 பெரியதா என்பதில் தடுமாற்றம் என்றால் உடனே உட்கார வேண்டும். அரையைக் காலால் வகுத்தால் ஏன் இரண்டு? "தலைகீழாக்கிப் பெருக்கணும்" என்பது பதில் அல்ல. ஓர் அரைக்குள் எத்தனை கால் இருக்கிறது என்று காகிதத்தை மடித்துக் காட்ட முடிந்தால் அது பதில். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள கணக்குப் புத்தகங்களை எடுத்து, ஒவ்வொரு முறைக்கும் "ஏன் இப்படி?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். இரண்டு மாதம் ஆகும். ஒரு காலத்தில் தடுமாறியவர் என்பதால் எங்கே வழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும்; நன்றாகக் கணக்கு வருகிறவர்கள் சிலருக்கு அது தெரிவதில்லை. ஒன்றே ஒன்று, குழந்தைகள் முன்னால் "எனக்கும் கணக்கு வராது" என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். உடனே தொற்றிக்கொள்ளும்.

கூச்சத்துக்கு நான் அதிகம் கவலைப்படவில்லை. பெரியவர்கள் கூட்டத்தில் வாய் வராதவர்கள் ஆறு வயதுக்காரர்கள் முன்னால் சரளமாகப் பேசுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் நுண்கற்பித்தல் என்று ஒன்று இருக்கும். 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை: சில நிமிடப் பாடம், சின்னக் கூட்டம், ஒரே ஒரு திறன், அப்புறம் கருத்துக் கேட்டுத் திரும்ப நடத்துவது. இதை வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். ஐந்து நிமிடக் கதையைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்குகிறீர்களா என்று மட்டும் முதலில் பாருங்கள். புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கிற குறை அதுதான்.

மூன்று மாதம் கழித்து அந்த ஒரு பக்கத்தை எடுங்கள். "சிறு வயதிலிருந்தே ஆசிரியர் பணியின்மேல் தீராத ஆர்வம்" என்ற வரியை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் நோட்டிலிருந்து ஒரு நாளை எடுத்து எழுதுங்கள்: குழந்தை என்ன செய்தது, நீங்கள் முதலில் என்ன நினைத்தீர்கள், பிறகு என்ன புரிந்தது, இன்னும் என்ன புரியவில்லை. குழந்தையின் பெயர் வேண்டாம். கணக்கைத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பதையும் மறைக்காமல் ஒரு வரி சேருங்கள். நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, "சரி, அரையைக் காலால் வகுங்கள் பார்ப்போம்" என்று கேட்கக்கூடும். பையில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும்.