சாவை எண்ணுவதும் ஒரு படிப்புதான், அக்கா

போன சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் என்னைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, "கவலைப்படாதீங்க அக்கா, எல்லாம் நல்லா நடக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். தப்பு. கவலைப்பட வேண்டிய விஷயம்தான். கிள்ளானில் இருக்கும் உங்கள் அண்ணன், உங்கள் மகளின் டாக்டர் படிப்புக்கு முன்பணம் மட்டும் தருகிறார். மீதி மூன்று லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். அதற்கு உங்கள் வீட்டுக்காரரின் இபிஎஃப் ஓய்வுகாலச் சேமிப்புப் பணம். அது போதாவிட்டால், தோட்டத்தை விட்டு வந்து இருபது வருஷம் கடன் கட்டி மீட்ட வீடு. வீட்டை அடகு வைக்காதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

டாக்டரானால் கடன் தானே அடைந்துவிடும் என்கிறார் அண்ணன். 2016 கடைசியிலிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் புது டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்க ஆரம்பித்தார்கள். நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலையில் அவர்கள் கறுப்புச் சட்டையோடு வெளியே வந்து நின்றதை அவரும் டிவியில் பார்த்திருப்பார்.

அதெல்லாம் கிடக்கட்டும். முக்கால் மணி நேரம் நாம் பேசினோம், உங்கள் மகள் வாய் திறக்கவில்லை. தாத்தாவின் சாவுப் பத்திரம் பேச்சில் வந்ததும்தான் திறந்தாள். வீட்டில் இறந்தவர், போலீஸ் நிலையத்தில் காரணம் 'சாக்கிட் துவா', அதாவது முதுமை நோய், என்று எழுதிவிட்டார்கள். "முதுமை எப்படி சார் நோயாகும்? மூணு மாசமா மூச்சு வாங்கிச்சே, அதை ஏன் யாரும் கேக்கல?" ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் பிள்ளை கேட்ட கேள்வி இது. இதைக் கேட்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது, அக்கா.

டாக்டர் பார்க்காத சாவுக்கு, வீட்டாரிடம் உட்கார்ந்து காய்ச்சல் எத்தனை நாள், கால் வீங்கியதா, மூச்சு எப்போது முட்டியது என்று வரிசையாகக் கேட்டுக் காரணத்தைக் கணிப்பார்கள். வெர்பல் அட்டாப்சி என்று பெயர். உலகச் சுகாதார நிறுவனம் இதற்கென்று கேள்வித்தாளே வைத்திருக்கிறது. நம் நாட்டு ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

குழந்தைச் சாவை எண்ணுவது இன்னும் நுணுக்கம். உங்கள் மாமியாரிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டால் ஆறு என்பார். தோட்டத்து லயத்தில் பிறந்து ஒரு வாரத்தில் போன இரண்டையும் சேர்த்தால் எட்டு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பிறப்பு இறப்புப் பதிவு சரியில்லாத நாடுகளில் இப்படி விடுபடும் பிள்ளைகள் ஏராளம். அதனால்தான் 1984-இல் தொடங்கி 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் கேள்வியையே பிரித்துக் கேட்டார்கள். கூட இருக்கும் பிள்ளைகள் எத்தனை, வேறிடத்தில் இருப்பவர்கள் எத்தனை, உயிரோடு பிறந்து இறந்தவர்கள் எத்தனை? 'இல்லை' என்றாலும் விடமாட்டார்கள். ஒரு தடவையாவது அழுத, அசைந்த குழந்தை உண்டா என்று இன்னொரு முறை கேட்பார்கள். அங்கேதான் பல தாய்மாருக்குக் கண் கலங்கும்.

பிரசவச் சாவு வேறு மாதிரி. லட்சம் பிரசவத்துக்கு 200 தாய்மார் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 பிரசவங்களைத் தேடிப் பிடித்தாலும் பத்துச் சாவுதான் கணக்கில் வரும். பத்தை வைத்து என்ன சொல்வது? 1989-இல் ஒரு வழி கண்டார்கள்: வயது வந்தவர்களிடம் அவர்கள் அக்கா தங்கைகளைப் பற்றிக் கேட்பது. ஒரே வீட்டில் நாலைந்து பெண்களின் கதை கிடைத்துவிடும்.

மலேசியாவில் 1991-இலிருந்து ஒவ்வொரு தாயின் சாவையும் பெயரை மறைத்து ஒரு குழு அலசுகிறது. அது வந்ததும் எண்ணிக்கை ஏறியது. சாவு கூடவில்லை, முன்பு விடுபட்டது அகப்பட்டது. கணக்கு பிடித்த பிள்ளைக்கு இதைவிட என்ன சுவாரஸ்யம் வேண்டும், சொல்லுங்கள்.

வழி எளிது. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பத்தில் புள்ளியியலை முதலில் போடட்டும். அங்கே கட்டணம், அரசாங்கம் தரும் பிடிபிடிஎன் கல்விக் கடனுக்குள் அடங்கும். அப்புறம் மேல்படிப்புக்கு கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மருத்துவ வளாகத்தில் மருத்துவப் புள்ளியியல் இருக்கிறது. மும்பையில் 1956-இல் தொடங்கிய மக்கள்தொகை ஆய்வுக் கழகமும் இருக்கிறது. புள்ளிவிவர இலாகா, சுகாதார அமைச்சின் ஆய்வுக் கழகங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் இந்தப் படிப்புக்காரர்களைத் தேடும் இடங்கள். 2016-லும் 2022-லும் நடந்த தேசியச் சுகாதார ஆய்வு தாய்-சேய் நலத்தைப் பற்றியதுதான். தோட்டத்துப் பாட்டியிடம் தமிழிலும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் மலாயிலும் பேசத் தெரிந்த பிள்ளை அந்த வேலைக்கு எவ்வளவு தேவை!

பூசி மெழுகவில்லை. ஆரம்பத்தில் ஆய்வு உதவியாளர் வேலையும் ஒப்பந்தம்தான், சம்பளமும் சுமார்தான். நான் சொன்ன அந்தப் பன்னாட்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வுக்கு அமெரிக்கா 2025-இல் நிதியை நிறுத்திவிட்டது. ஆனால் இதற்காக யாரும் வீட்டை விற்க வேண்டாம்.

அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமை அவளைத் தனியாக அனுப்புங்கள். பாட்டியிடம் அந்த இரண்டு பிள்ளைகளும் எப்போது பிறந்தன, எப்போது போயின என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். தேதி தெரியாது என்பார். தீபாவளிக்கு முன்னா பின்னா, அந்தப் பெரிய வெள்ளத்துக்கு அப்புறமா என்று கேட்கச் சொல்லுங்கள். அதிலிருந்து வருஷத்தைப் பிடிப்பது எப்படி என்று நான் காட்டுகிறேன்.