மெஷினும் வரவில்லை, பணமும் வரவில்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: பிட்காயின் மைனிங் மெஷின் (கணக்குப் போட்டுப் புதுக் காயின் ஈட்டும் கணினி) இரண்டுக்குச் சென்னை டீலர் ஒருவரிடம் ஆர்டர் கொடுத்து, ரூ. 6,40,000 முழுவதையும் என்.இ.எஃப்.டி.யில் அனுப்பிவிட்டேன். 45 நாளில் டெலிவரி என்று இன்வாய்ஸிலேயே இருக்கிறது. எட்டு மாதமாகிவிட்டது. கேட்டால் ‘கஸ்டம்ஸில் நிற்கிறது, அடுத்த வாரம் வந்துவிடும்’ என்கிறார். நுகர்வோர் கோர்ட்டா, சிவில் கோர்ட்டா? இத்தனை மாதம் ஓடியிருந்தால் கிடைத்திருக்கும் காயினையும் சேர்த்துக் கேட்கலாமா?
- திருமங்கலம் வாசகர்

பதில்: எந்தக் கோர்ட் என்பது அப்புறம். மெஷின் வேண்டுமா, பணம் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு நாள் ‘பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்’, மறுநாள் ‘சரி, எப்போ அனுப்புவீங்க?’ என்று வாட்ஸ்அப்பில் மாற்றி மாற்றிக் கேட்டால், தாமதத்துக்கு நீங்களே சம்மதித்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

எட்டு மாதம் கழித்துப் பணத்தைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். இந்த மெஷினின் மதிப்பு ஒரே நிலையில் நிற்காது. பிட்காயினில் 2016 பிளாக்குக்கு (பரிவர்த்தனைத் தொகுப்புக்கு) ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டிஃபிகல்ட்டி (காயின் ஈட்டுவதன் கடினம்) மாறுகிறது. உலகெங்கும் மெஷின் கூடக் கூட உங்கள் மெஷினின் பங்கு குறையும். 2024 ஏப்ரல் 20-ல் ஒரு பிளாக்குக்குக் கிடைக்கும் ரிவார்டே 6.25 காயினிலிருந்து 3.125 ஆகப் பாதியானது. அமெரிக்காவில் பட்டர்ஃபிளை லேப்ஸ் நிறுவனத்தின் மேல் 2014-ல் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டதும் இதற்காகத்தான்: முன்பணம் வாங்கிக்கொண்டு பலருக்கு மெஷினை அனுப்பவே இல்லை, அனுப்பியவையும் பயன் போன பிறகே போய்ச் சேர்ந்தன.

கஸ்டம்ஸ் கதையைச் சோதிப்பது எளிது. ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) எண்ணும் பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் கொடுக்கும் இறக்குமதிப் படிவம்) எண்ணும் கேளுங்கள். பில் ஆஃப் என்ட்ரியின் நிலையை கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். சரக்கு உண்மையில் வந்திருந்தால் எண் தரத் தயங்க மாட்டார். எண்ணும் தராமல் ‘டியூட்டிக்கு இன்னும் கொஞ்சம் அனுப்புங்க’ என்றால், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அடுத்து நோட்டீஸ். ஆர்டர் தேதி, பணம் அனுப்பிய யு.டி.ஆர். எண் (வங்கிப் பரிமாற்ற எண்), சொன்ன டெலிவரி தேதி மூன்றையும் எழுதி, ‘15 நாளுக்குள் டெலிவரி இல்லையென்றால் ஆர்டர் ரத்து, முழுப் பணமும் வட்டியோடு வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். நிறுவனம் கம்பெனியாக இருந்தால், பதிவு முகவரியைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எடுத்து அங்கேயே அனுப்புங்கள். கடை முகவரிக்கு மட்டும் அனுப்பிய நோட்டீஸ் ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வரலாம். அதே தளத்தில் கம்பெனி இன்னும் நடப்பில் இருக்கிறதா, திவால் நடவடிக்கையில் இருக்கிறதா என்றும் தெரியும். திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் வழக்குகள் அப்படியே நின்றுவிடும். நீங்கள் திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு அலுவலரிடம் உரிமைகோரல் படிவம் கொடுக்க வேண்டியிருக்கும். சப்ளைக்கு முன்பணம் கொடுத்தவரும் ஆபரேஷனல் கிரெடிட்டர்தான், அதாவது கம்பெனியிடமிருந்து பணம் வர வேண்டியவர்தான் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இப்போது கோர்ட். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்குப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் அல்ல. தன் பிழைப்புக்காகத் தானே இயக்கும் சுயதொழில்காரருக்கு விலக்கு உண்டு. 1995-ல் லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் வாங்கிய மெஷினைப் பற்றிய தகராறில், உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விரிவாக விளக்கியது. வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சொல்லி, சிவில் வழக்குக்குப் போகச் சொல்லிவிட்டது. அதனால் வேறு வருமானம் இல்லாமல், இந்த இரண்டு மெஷினையும் நீங்களே வைத்து ஓட்டுவது உண்மையானால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சென்னைக்கு அலைய வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட சட்டம் அனுமதிக்கிறது. மாவட்ட ஆணையத்தின் வரம்பு கொடுத்த விலையில் 50 லட்சம் வரை. உங்கள் தொகைக்குக் கட்டணம் ரூ. 200. கெடு இரண்டு ஆண்டு.

மாதச் சம்பள வேலையில் இருந்துகொண்டு பக்க வருமானத்துக்கு வாங்கியிருந்தாலோ, ஷெட் போட்டு ஆள் வைத்து ஓட்டும் திட்டமென்றாலோ, சிவில் வழக்குதான். கெடு மூன்று ஆண்டு. தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் மூன்று சதவீதம், 6,40,000-க்கு ரூ. 19,200. வணிகத் தகராறு என்று ஆகி மூன்று லட்சத்துக்கு மேல் போனால், அவசரத் தடை கேட்காத வழக்குகளில், சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசம் முயன்ற பிறகே வழக்கை ஏற்பார்கள். அந்தச் சமரசத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. டீலருக்கும் வழக்குச் செலவு இருக்கிறதே.

கிடைத்திருக்கும் காயினைக் கேட்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் ‘இத்தனை லட்சம் லாபம் போச்சு’ என்று எழுதினால், நீங்கள் வியாபாரி என்பதற்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி. சிவில் கோர்ட்டில் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தச் சட்டம் 73-ம் பிரிவு நேரடியாக விளையாத தொலைதூர நஷ்டத்தைத் தராது. டிஃபிகல்ட்டி, விலை, மின்கட்டணம் எல்லாம் மாறிக்கொண்டே இருப்பதால் நிரூபிப்பதும் கடினம். 3,500 வாட் மெஷின் ஒன்று நாளுக்கு 84 யூனிட் இழுக்கும். அதைக் கழிக்காத கணக்கை எந்த நீதிபதியும் ஏற்க மாட்டார். அசல், வட்டி, வேறு இடத்தில் கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தால் அந்த வித்தியாசம், மெஷினுக்கென்று இழுத்த வயரிங் செலவு: பில் இருக்கிற இவற்றைக் கேளுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், போனிலிருந்தும் அழிக்காதீர்கள். பிரிண்ட் அவுட்டோடு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்று நீங்கள் கையெழுத்திடுவது, மற்றது நிபுணர் கையெழுத்திடுவது. ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) குறிக்க வேண்டும்.

கேள்வி: ஐந்து மாதம் கழித்து மெஷின் வந்துவிட்டது, நாளை கூரியர் கொண்டு வருகிறார். வாங்கிக்கொண்டே நஷ்டஈடு கேட்கலாமா?
- உசிலம்பட்டி வாசகி

பதில்: கேட்கலாம், ஆனால் வாங்குகிற நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும். காலம் முக்கியம் என்று ஆன ஒப்பந்தத்தில், தாமதமாக வந்ததைப் பேசாமல் ஏற்றுக்கொண்டால் அந்தத் தாமதத்துக்கு அப்புறம் இழப்பீடு கேட்க முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டம் 55-ம் பிரிவு. இன்றிரவே மின்னஞ்சல் போடுங்கள்: ‘தாமதத்துக்கான இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்.’ கூரியர் ரசீதிலும் அதையே எழுதுங்கள்.

பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். சீரியல் நம்பர் இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா, ஃபேன் இறக்கையிலும் ஹீட் சிங்கிலும் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். தூசி இருந்தால் அது ஓடிய மெஷின். எல்லா ஹேஷ்போர்டும் (கணக்குப் போடும் சிப் பலகைகள்) தெரிகிறதா என்று மெஷினின் லாக்கில் பார்த்து, பூலில் (பலர் சேர்ந்து மைனிங் செய்யும் தளம்) 24 மணி நேரச் சராசரி ஹேஷ்ரேட்டை (கணக்குப் போடும் வேகம்) ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 3,500 வாட் என்றால் 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல், அதுவும் நாள் முழுக்க. வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சாக்கெட் உருகலாம், குற்றம் உங்கள் தலையில் விழும். 20 ஆம்பியருக்கான தனி லைனும் எம்.சி.பி.யும் போட்ட பிறகே ஓட்டுங்கள். ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள், வாரண்டி போய்விடும்.

கேள்வி: டெலிகிராமில் பார்த்த வெளிநாட்டு மைனிங் மெஷின் விற்பனையாளருக்கு யு.எஸ்.டி.டி. (டாலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ) அனுப்பினேன். இப்போது பதிலே இல்லை. வழக்குப் போடலாமா, போலீஸா?
- மேலூர் வாசகர்

பதில்: யார் மேல் வழக்குப் போடுவது, சம்மன் எந்த முகவரிக்குப் போவது என்று தெரியாத நிலையில் சிவில் வழக்கு வீண் செலவு. சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்து, சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிவு செய்யுங்கள். டிரான்ஸாக்‌ஷன் ஹேஷ் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாளக் குறியீடு), அனுப்பிய வாலட் முகவரி, எந்த பிளாக்செயின் நெட்வொர்க், டெலிகிராம் பயனர் பெயர் எல்லாம் வேண்டும். இந்திய எக்ஸ்சேஞ்ச் வழியாக யு.எஸ்.டி.டி. வாங்கியிருந்தால் அங்கேயும் எழுதுங்கள். வெறும் தாமதம் மோசடியாகாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். போலி முகவரி, இல்லாத ஜி.எஸ்.டி. எண், ஒரே சீரியல் நம்பர் படத்தைப் பலருக்கு அனுப்பியது போன்றவை கைவசம் இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 318-ம் பிரிவுப் புகாருக்கு வலு உண்டு. வெளிநாட்டுக்கு இப்படிப் பணம் போனது அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தனிக் கேள்வியாகலாம். புகாரை எழுதும் முன் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.