வீட்டுக்குள் வைத்த கறிவேப்பிலை வாடுகிறது: தண்ணீர்க் கோளாறா, வெளிச்சக் கோளாறா?

கேள்வி இது: கனடாவில் குளிருக்குப் பயந்து கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே எடுத்து வைத்திருக்கிறீர்கள். தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், வெளிச்சத்துக்காகச் செடிக்கு மேலே விளக்கும் வாங்கி மாட்டியாயிற்று. ஆனாலும் அடி இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது, மேல் இலை தொங்குகிறது. என்ன குறை?

முதலில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். மிச்சத்தைப் படித்துவிட்டு மறுபடி ஊற்றலாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

டொராண்டோ பக்கம் எனக்கு இது ஆறாவது குளிர்காலம். முதல் குளிர்காலத்தில் ஒரு செடியைக் கொன்றேன். நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதைத்தான் நானும் செய்தேன்: காலையில் ஒரு டம்ளர், இலை வாடினால் இன்னொரு டம்ளர். அம்மாவுக்கு போன் போட்டால், "புளிச்ச மோர ஊத்துடா, தளதளன்னு வரும்" என்றார். ஊரில் கொல்லைப்புறத்தில், வெயிலில், தரையில் நிற்கிற மரத்துக்கு அது சரி. இங்கே ஜன்னலே திறக்காத வீட்டில் 5 லிட்டர் தொட்டிக்குள் ஊற்றினேன். மூன்றாம் நாள் வீடே நாறியது. ஒரு வாரத்தில் மண்ணிலிருந்து கொசு மாதிரி கறுப்புப் பூச்சிகள் கிளம்பிக் காபி டம்ளரில் விழ ஆரம்பித்தன. வீட்டுக்காரி, "செடியா நாமளா, ஒண்ண முடிவு பண்ணுங்க" என்றாள். செடியே முடிவு பண்ணிவிட்டது.

எனக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் போர்ச்சுகீசியப் பெரியவர். அவர் வளர்ப்பது கஞ்சா. பதறாதீர்கள், கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு நாலு செடி வரை வளர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது (கியூபெக் மாகாணம் அதையும் விடவில்லை). இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி ஒரு செடி வைத்தாலும் குற்றம், அதனால் ஊரிலிருந்து படிக்கிறவர்கள் என்னிடம் விதை கேட்டு வராதீர்கள். நான் அவரிடம் வாங்கியது அறிவு மட்டும்.

கஞ்சா வளர்க்கிறவர்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. அது வேகமாக வளர்கிற செடி. தண்ணீரிலோ விளக்கிலோ தப்பு செய்தால் இரண்டு நாளில் இலையில் எழுதிக் காட்டிவிடும். கறிவேப்பிலை அப்படி இல்லை. நவம்பரில் செய்த தப்பை டிசம்பரில் சொல்லும். இன்று கொட்டுகிற இலையைப் பார்த்து இன்று ஊற்றிய தண்ணீரைக் குறை சொல்ல முடியாது.

என் இரண்டாவது செடி வாட ஆரம்பித்தபோது அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இலையைப் பார்க்கவே இல்லை. குனிந்து தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினார், கீழே வைத்தார், சிரித்தார். "இதுல மீன் வளர்க்கலாம்" என்றார்.

பிறகு தன் வீட்டு நிலவறைக்குக் கூட்டிப்போய் இரண்டு செடிகளை அருகருகே காட்டினார். ஒன்றுக்கு அன்று தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள். இலை மெலிந்து, துவைத்துப் போட்ட துணி மாதிரி காம்போடு துவண்டு கிடந்தது. இன்னொன்றுக்கு, அவர் ஊரில் இல்லாத நாட்களில் மகன் அளவுக்கு மிஞ்சி ஊற்றியிருக்கிறான். அதுவும் தொங்கத்தான் செய்தது. ஆனால் இலை தடித்து விறைப்பாக, கிளிமூக்கு மாங்காய் போலக் காம்பிலிருந்து நுனி வரை கீழ்நோக்கி வளைந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் 'வாடின செடி'தான். (இலை கரும்பச்சையாக இருந்து நுனி மட்டும் வளைந்தால் அது உரம் கூடினது என்றார்.)

தண்ணீர் அதிகமானால் ஏன் வாட வேண்டும்? வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் காற்று போய்விடுகிறது. மூச்சுத் திணறுகிற வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுகிறது. நாம் பாவம் பார்த்து இன்னும் ஊற்றுகிறோம். கறிவேப்பிலையில் இதற்கு அடையாளம், மண் ஈரமாக இருக்கும்போதே அடி இலை மஞ்சளாகி, தொட்டாலே உதிர்வது. உங்கள் கேள்வியில் இருப்பது இதேதான்.

அன்றிலிருந்து நான் தொட்டியைச் சமையலறைத் தராசில் வைத்து எடை போடுகிறேன். கிறுக்கு என்று நினைத்தாலும் பரவாயில்லை. நன்றாக ஊற்றி, அடியில் ஒழுகி நின்ற பிறகு என் தொட்டி 3.6 கிலோ. இலை துவளத் தொடங்குகிற நேரத்தில் 2.1. நான் 2.4 வந்ததும் ஊற்றுவேன். ஜூலையில் வெளியே வெயிலில் நின்றபோது 3.6 இலிருந்து 2.4க்கு வர மூன்று நாள் ஆனது. அதே செடி, அதே மண், டிசம்பரில் ஜன்னலோரம்: பதினோரு நாள். விளக்கு மாட்டிய பிறகு ஆறு நாள்.

இந்த மூன்று எண்ணையும் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. நான் கொன்ற செடிக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தண்ணீர் ஊற்றவில்லை. கோடையில் ஊற்றிய அதே அளவைத்தான் ஊற்றினேன். வெளிச்சம் போனதால் அது குடிப்பதை நிறுத்திவிட்டது. நாள் கணக்கு வைத்து ஊற்றுவது இதனால்தான் உதவாது. "வாரம் இரண்டு முறை" என்று யார் சொன்னாலும், எந்த மாதம், எந்த ஜன்னல் என்று திருப்பிக் கேளுங்கள்.

வெளிச்சத்தில் நம் கண் நம்மை ஏமாற்றும். டொராண்டோவில் டிசம்பர் கடைசியில் பகல் 9 மணி நேரம்தான். மதுரையில் அதே நாளில் பதினொன்றரை. நேரத்தைவிட அளவுதான் பெரிய அடி. ஊரில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரும். மேகம் மூடிய டிசம்பர் மத்தியானம், என் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி போன் செயலியில் அளந்தால் 900. இரண்டடி உள்ளே தள்ளி வைத்தால் 300. நம் கண்மணி விரிந்து சரிக்கட்டிவிடுவதால் அறை வெளிச்சமாகத்தான் தெரிகிறது. வெளிச்சம் போதாத செடி கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, ஒல்லியாகி, ஜன்னல் பக்கம் சாயும். உங்கள் செடியில் புதுக் கிளை அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, விளக்குதான் வாங்கிவிட்டேனே என்பீர்கள். நானும் வாங்கினேன், அதிலும் ஒரு முறை சூடு பட்டேன். வெள்ளை எல்இடி பலகையைக் குருத்துக்கு ஒரு சாண்கூட இல்லாத உயரத்தில் தொங்கவிட்டேன். ஒரு வாரத்தில் மேல் இலைகள் வெளுத்தன. இரும்புச்சத்துக் குறை என்று நினைத்து அதற்கு ஒரு மருந்து வாங்கிக் கரைத்து ஊற்றினேன். பெரியவர் வந்து கேட்டது ஒன்றுதான்: "விளக்குக்குக் கிட்ட இருக்கிற இலை மட்டுமா, எல்லாக் குருத்துமா?" பக்கவாட்டில், பலகையின் நிழலில் வந்த குருத்து பச்சையாகவே இருந்தது. அப்படியானால் அது விளக்கு சுட்டது. இரும்புக் குறை என்றால் எங்கே முளைத்தாலும் புது இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அடி இலையிலிருந்து மஞ்சள் மேலே ஏறினால் தழைச்சத்துக் குறை, அல்லது மேலே சொன்ன மூச்சுத் திணறல். தொட்டியைத் தூக்கினால் எது என்று தெரிந்துவிடும்.

புறங்கையை விளக்கின் கீழே ஒரு நிமிடம் பிடித்துப் பார், சுடாவிட்டால் சரி என்று ஒரு யோசனை இணையமெங்கும் ஓடுகிறது. அது பழைய சோடியம் விளக்குக் காலத்துப் பாடம். எல்இடி கையைச் சுடாமலே இலையை வெளுக்க வைக்கும். அளந்து பார்ப்பதே நல்லது. வெள்ளை எல்இடி என்றால் போன் காட்டும் லக்ஸை 70 ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி விழுகிறது என்று செடிக்காரர்கள் சொல்லும் கணக்கு சுமாராக வந்துவிடும். பெரியவர் தன் செடிகளுக்கு வளர்கிற பருவத்தில் 400 முதல் 600, பூக்கிற பருவத்தில் அதற்கு மேல் வைத்திருக்கிறார். என் கறிவேப்பிலைக்குக் குருத்து மட்டத்தில் 14,000 லக்ஸ், அதாவது சுமார் 200. ஒரு டைமரில் காலை 6 முதல் இரவு 8 வரை. அடைக்கு அரைக்க இலை கிள்ளும் அளவுக்குத் தளிர்க்கிறது. ஊதா நிற விளக்குதான் செடிக்கு நல்லது என்பது தேவையில்லாத செலவு, அதன் கீழே இலையின் நிறமும் தெரியாது.

இன்னொரு சிக்கல், நேர் எதிரானது. நான் இப்படியெல்லாம் எழுதுவதைப் படித்துவிட்டுத் தண்ணீரையே மறந்துவிட்டால், கடையில் விற்கிற பீட் மண் (மக்கிய பாசியால் ஆனது) ஒரேயடியாகக் காய்ந்து தண்ணீரை ஏற்காமல் போய்விடும். ஊற்றியது தொட்டியின் ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும். நாமும் ஊற்றிவிட்டோம் என்று நம்பிவிடுவோம். தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். அப்போது ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியை அரை மணி நேரம் உட்கார வைத்து எடுங்கள்.

ஹீட்டர் காற்றில் சிலந்திப்பேன் என்ற பொடிப் பூச்சி வரும், இலையில் ஊசி குத்தின மாதிரி வெளிர்ப் புள்ளிகள் இருந்தால் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அது தண்ணீரும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

உங்கள் செடிக்கு வருகிறேன். தொட்டியைத் தூக்குங்கள். கனமாக இருந்தால் அடித் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குளிர்ந்த ஜன்னல் பலகையிலிருந்து இறக்கி, விளக்கின் கீழே வைத்து, எடை குறையும் வரை விடுங்கள். பத்து நாள் ஆனாலும் ஆகட்டும். பத்து நாளிலும் எடை இறங்காமல் மண் நாறினால் வேரை உருவிப் பாருங்கள். பழுப்பாகக் குழகுழவென்று கையோடு வந்தால் அழுகிவிட்டது, அழுகினதை வெட்டிவிட்டுப் புது மண்ணில் சின்னத் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

இலை மொத்தமும் கொட்டிக் குச்சி மட்டும் நின்றாலும் குப்பையில் போடாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. என்னுடையது ஒரு வருடம் ஜனவரியில் வெறும் குச்சியாகி, மார்ச் கடைசியில் அடிக்கணுவில் கடுகளவு பச்சை விட்டது.