விளையாட்டுப் பெட்டி வாங்கும் முன் 20 நாணயங்களை எடுங்கள்

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த 12 பேருக்கு அஜைல் முறையை (வேலையைச் சிறு சிறு பகுதிகளாக முடித்துக் காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போவது) விளையாட்டு மூலம் அறிமுகப்படுத்த வேண்டும். கான்பன் பலகை விளையாட்டு (வேலைகளை அட்டைகளாக எழுதிக் கட்டம் கட்டமாக நகர்த்துவது), லெகோ கட்டைகள், இணையவழி விளையாட்டுக்கான சந்தா என மூன்றுக்கும் விலைப்புள்ளி வந்திருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: முதல் நாளுக்கு மூன்றுமே வேண்டாம். 20 ஒரு ரூபாய் நாணயங்களும், துணி விரித்த ஒரு மேசையும் போதும். (கண்ணாடி மேசையில் நாணயம் விரலுக்கு அகப்படாது.)

நான்கு பேரை வரிசையாக உட்கார வையுங்கள். ஐந்தாமவர் வாடிக்கையாளர், ஆறாமவர் கையில் கடிகாரம். ஒவ்வொருவரும் ஒரே கையால் 20 நாணயங்களையும் புரட்டி முடித்த பிறகே அடுத்தவரிடம் தள்ள வேண்டும். நாணயத்துக்கு ஒரு நொடி என்றால், வாடிக்கையாளர் 80 நொடி வெறுங்கையோடு காத்திருப்பார். அடுத்த சுற்றில் ஐந்தைந்தாகத் தள்ளச் சொல்லுங்கள். 35 நொடியில் வேலை முடியும். ஒவ்வொன்றாகத் தள்ளினால் 23 நொடி. முதல் நாணயம் நான்காவது நொடியிலேயே வந்துவிடும். "யாருமே கையை வேகப்படுத்தவில்லையே, எப்படிக் குறைந்தது?" என்று ஒருவராவது கேட்பார். அங்கே விளையாட்டை நிறுத்திவிட்டுப் பேசவிடுங்கள். சிறிது சிறிதாகத் தள்ளினால் அடுத்தவர் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை என்பது அப்போது புரியும்.

விலை உயர்ந்த பெட்டியைப் பிரித்து இரண்டு மணி நேரம் கலகலப்பாக விளையாடிவிட்டு, பேச நேரமில்லாமல் கலைந்த ஒரு பயிற்சியைப் பார்த்திருக்கிறேன். எதற்காக விளையாடினோம் என்று மறுநாள் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பாவம், பணமும் போயிற்று, ஆர்வமும் போயிற்று. நேரத்தில் பாதியை உரையாடலுக்கு ஒதுக்குங்கள்.

அடுத்து அஜைல் பயிற்சியாளர் போரிஸ் குளோகரின் பந்து விளையாட்டு. எல்லோர் கையும் பட்டு, பந்து தொடங்கியவரிடமே திரும்ப வேண்டும். பக்கத்தில் நிற்பவரிடம் கொடுக்கக் கூடாது. இரண்டு நிமிட ஆட்டம், ஒரு நிமிடக் கலந்தாலோசனை. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் எத்தனை பந்து என்று அவர்களே கணிக்க வேண்டும். ஸ்பிரிண்ட் (திட்டமிட்டு, செய்து, திரும்பிப் பார்க்கும் குறுகிய வேலைச் சுற்று) என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரியாது.

லெகோவில் ஊர் கட்டும் பயிற்சி அருமையானது. ஆனால் என்ன கட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் தயாரிப்பு உரிமையாளராக நின்று "இது நான் கேட்ட பாலம் இல்லை" என்று சொல்ல, ஸ்க்ரம் (ஸ்பிரிண்ட்களாக வேலை செய்யும் அஜைல் வகை) தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் கிடைத்தால் வீட்டில் கிடக்கும் கலவையான கட்டைகளே போதும், தனிப் பெட்டி தேவையில்லை.

கான்பன் பலகை விளையாட்டில் கணக்கும் வரைபடமும் அதிகம், புதியவர்கள் திணறுவார்கள். சில மாதம் வேலை பார்த்த பிறகு வாங்குங்கள். அதுவரை, கான்பன் பற்றி நூல் எழுதிய மைக் பரோஸ் உருவாக்கிய ஃபீச்சர்பான் என்ற எளிய கான்பன் விளையாட்டு இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கும் நாணயம்தான் வேண்டும்.

வெவ்வேறு ஊரிலிருந்து வேலை செய்பவர்கள் என்றால் மட்டும் சந்தாவைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் எடுக்க முடியுமா, நடத்துபவருக்கான வழிகாட்டி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

பிறகு பலகை வாங்கும்போது, சொன்ன விலை எத்தனை பேருக்கு என்பதை எழுத்தில் பெறுங்கள். 12 பேர் ஒரு பலகையைச் சுற்றி உட்கார முடியாது. அட்டை தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.