மஞ்சள் கொடிக்குப் பக்கத்தில் ஆள் நிற்கிறார்

(இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பல வருடங்களாகக் கொடி பிடிக்கும் மார்ஷல் ஒருவர், கிளப் ரேஸ் ஓட்டும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த இதழில் மழைக்கால ரேஸ்.)

கேள்வி: மஞ்சள் கொடி காட்டும்போது நான் மட்டும் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருபவர் ஒட்டிக்கொண்டு விடுகிறார். ஓவர்டேக் செய்யாமல் இருந்தால் போதாதா? மழையில் எப்படியும் எல்லோரும் மெதுவாகத்தானே போகிறோம்? – வாசகர், கோவை

பதில்: போதாது தம்பி. மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து என்ற எச்சரிக்கை. இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நல்ல மழையில் எங்கள் போஸ்டிலிருந்து (டிராக் ஓரத்தில் மார்ஷல்கள் நிற்கும் இடம்) பார்த்தால் கார் தெரியாது. டயர் கிளப்பும் நீர்ப்புகைதான் முதலில் வரும், அதற்குள் மங்கலாக இரண்டு ஹெட்லைட். ஒரு கார் புல்லில் இறங்கிச் சேற்றில் சிக்கி நிற்கிறது என்று வையுங்கள். எங்களில் ஒருவர் டிரைவரிடம் ஓடுவார். இன்னொருவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, வரும் வண்டிகளைப் பார்த்தபடியே நிற்பார். விசில் கேட்டால் போட்டதைப் போட்டபடி விட்டு ஓட வேண்டும். ஈரப் புல்லில் பூட்ஸ் வழுக்கும். அதிலே எவ்வளவு வேகமாக ஓடிவிட முடியும்? உங்களுக்கு ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தாலும் காக்கும் இரும்புக் கூண்டு) இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது. எங்களுக்கு ஒரு மழைக்கோட்டுதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். முதல் கார் எங்கே வழுக்கியதோ அங்கேதான் அடுத்த காரும் வழுக்கும். தண்ணீர் டிராக்கைக் குறுக்கே கடக்கும் இடம் அடுத்த லேப்பிலும் அதேதான். 2014 அக்டோபர் 5, ஜப்பானின் சுஸுகாவில் எஃப்-1 (ஃபார்முலா ஒன்) ரேஸில் நடந்தது அதுதான். மழையில் ஏட்ரியன் சூட்டிலின் கார் ஒரு வளைவில் வெளியே போனது. மார்ஷல்கள் இரட்டை மஞ்சள் கொடி வீசிக்கொண்டிருந்தார்கள், காரைத் தூக்க ஒரு வண்டி உள்ளே வந்திருந்தது. அடுத்த லேப்பில் அதே இடத்தில் ஜூல்ஸ் பியான்கியின் கார் 213 கி.மீ. வேகத்தில் பிடி தளர்ந்து, 126 கி.மீ. வேகத்தில் அந்தத் தூக்கு வண்டியின் மேல் மோதியது. ஒன்பது மாதம் நினைவு திரும்பாமலே 2015 ஜூலையில் இறந்தார், வயது 25. கட்டுப்பாடு இழக்காத அளவுக்கு வேகத்தைக் குறைக்கவில்லை என்பதும் விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் ஒன்று. உலகத்தின் மிகச் சிறந்த டிரைவர்களில் ஒருவருக்கே இப்படி நேர்ந்திருக்கிறது.

ஒரு மஞ்சள் கொடி வீசினால் வேகத்தைக் குறைத்து, திசை மாற்றத் தயாராக இருக்க வேண்டும். இரண்டு கொடி வீசினால் நன்றாகவே குறைத்து, நிற்கவும் தயாராக இருக்க வேண்டும். கொடியைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். நீங்கள் எடுத்தது எனக்குக் காதால் தெரிய வேண்டும். இஞ்சின் சத்தம் இறங்கினால்தான் நான் நம்புவேன். பின்னால் வருபவருக்கும் அதே கொடிதான். அவர் குறைக்காவிட்டால் அது அவர் குற்றம். எங்கள் ரிப்போர்ட்டில் அது ஏறும்.

கேள்வி: மழையில் டயர் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்கிறார்களே? – வாசகர், ஓசூர்

பதில்: மெல்லிய ஈரத்தில் அவரவர் டயரைப் பொறுத்தது. தேங்கிய தண்ணீரில் அது ஆபத்து. டயர் தண்ணீரைப் பிளந்து தரையைத் தொட முடியாமல் மேலே மிதக்க ஆரம்பிக்கும் வேகம், காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும். விமான டயர்களை வைத்து நாசா போட்ட பழைய கணக்கின்படி 30 பிஎஸ்ஐ என்றால் சுமார் 90 கி.மீ. வேகம், 24 பிஎஸ்ஐ என்றால் சுமார் 82 கி.மீ. கார் டயரில் பள்ளத்தின் ஆழமும் தண்ணீரின் ஆழமும் சேர்ந்துகொள்ளும், அதனால் இதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் போகும் திசை சரி: காற்று குறைந்தால் சீக்கிரம் மிதக்கும். மேலும் மழையில் டயர் அவ்வளவு சூடாகாது, ஓட்டத்தில் அழுத்தம் ஏறுவதும் குறைவு. வெயிலில் வைக்கும் அளவைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் தொடங்க வேண்டும்.

காற்றைவிட முக்கியம் நீங்கள் போகும் பாதை. ரப்பர் படிந்து கறுத்துக் கிடக்கும் ரேசிங் லைன் (எல்லோரும் வழக்கமாக ஓட்டும் தடம்), மழையில் சோப்பு போட்ட குளியலறைத் தரை. அதை விட்டு விலகி, வளைவின் வெளிப்பக்கமாகச் சுற்றி வாருங்கள். டிராக் விளிம்பில் பெயின்ட் அடித்த கெர்ப் மேல் சக்கரத்தை ஏற்றவே வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. வரும் நவம்பரில் முதல் ரேஸ். அந்த மாதம் சென்னையில் மழை நிச்சயம். தடுக்கவும் மனசில்லை, விடவும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது? – ஒரு தாய், தாம்பரம்

பதில்: தடுக்க வேண்டாம் அம்மா. முதல் நாள் அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "பாதை தெரியவில்லை என்றால் பிட்டுக்குள் வந்துவிடு, வீட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்." பிட் என்றால் டிராக் ஓரம் காரை நிறுத்தும் இடம். 1976-ல் ஜப்பானின் ஃபியூஜியில் கொட்டும் மழையில் எஃப்-1 டிரைவர் நிக்கி லவுடா இரண்டு லேப்போடு காரை நிறுத்திவிட்டு இறங்கினார். உலகச் சாம்பியன் பட்டமே ஒரு புள்ளியில் கைவிட்டுப் போனது. இன்று அவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை. 19 வயதில் அப்படி நிறுத்துவதற்கு வீட்டிலிருந்து அனுமதி வேண்டும். அதை நீங்கள்தான் கொடுக்க முடியும்.

மற்றதை அவரே பார்த்துக்கொள்வார். காரில் ஏறும்வரை ஷூவின் மேல் பிளாஸ்டிக் கவர் மாட்டியிருக்க வேண்டும். ஈர அடி பெடலில் நழுவும். காரின் முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரைத் தடவி உலரத் துடைத்தால் ஆவி படியாது. ரேஸ் கார்களில் எடை குறைக்க ஹீட்டரைக் கழற்றிவிடுவார்கள், அதனால் உள்ளே சீக்கிரம் ஆவி மூடிவிடும்.

கேள்வி: நீர்ப்புகைக்குள் ஓவர்டேக் செய்து இடித்துக்கொண்டால் யார் தப்பு? – வாசகர், பெங்களூரு

பதில்: பெரும்பாலும் பின்னால் வந்தவர் தப்பு என்பது என் கருத்து. பிரெல்லி சொல்லும் கணக்குப்படி ஒரு எஃப்-1 மழை டயர் 300 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்கிறது. கிளப் காரில் அவ்வளவு இல்லை, ஆனாலும் முன்னால் போகிறவரின் மிரரில் நீங்கள் கிட்டத்தட்ட இல்லை. பக்கத்தில் போய் அவர் கண்ணில் பட்ட பிறகே உங்களுக்கு இடம் கேட்கும் உரிமை வரும். வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிட்டு "நான் இருந்தேனே" என்று ஸ்டூவர்டுகளிடம் (ரேஸில் தீர்ப்பு சொல்லும் அதிகாரிகள்) வாதாடாதீர்கள். முன்னால் போகிறவருக்கும் ஒரு கடமை உண்டு: புகைக்குள் நேர்ப்பாதையில் திடீரென்று வேகத்தைக் குறைக்காதீர்கள். 1998-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் எஃப்-1 ரேஸில் ஷூமாக்கர், வேகத்தைக் குறைத்த கூல்தார்டின் பின்னால் போய் மோதியது அப்படித்தான்.

கேள்வி: கார் சுழன்று ஸ்பின் ஆகிவிட்டால்? – வாசகர், மதுரை

பதில்: கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுசாக மிதித்துப் பிடியுங்கள். சக்கரம் பூட்டிய கார் ஒரே திசையில் போகும், மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். பாதியில் பிரேக்கை விட்டால் டிராக்கின் குறுக்கே திரும்ப உருளும்.

கேள்வி: டிக்கெட் வாங்கி வருகிறோம். மழை என்று ரேசைத் தள்ளிப்போடுவது நியாயமா? – வாசகர், சென்னை

பதில்: நியாயம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னைத் தெரு ரேஸையே தள்ளிப்போட்டார்கள். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல்தான் நடந்தது. பார்வை தெரியாவிட்டாலோ, ஆம்புலன்ஸ் டிராக்கைச் சுற்றி வர முடியாவிட்டாலோ, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்க வழி இல்லாவிட்டாலோ கிளர்க் ஆஃப் தி கோர்ஸ் (ரேஸை நடத்தும் அதிகாரி) ரேஸை நிறுத்தும் சிவப்புக் கொடியைக் காட்டியே ஆக வேண்டும். அன்றைக்கு கேலரியில் காத்திருப்பவர்கள் கேன்டீனில் சூடாக டீ வாங்கிக் குடியுங்கள். எங்கள் போஸ்டுகளுக்கும் ஒரு ஃபிளாஸ்க் அனுப்ப முடிந்தால் சந்தோஷப்படுவோம்.