சுதந்திரம்ங்கிற சொல்லு எங்கேருந்து வந்துச்சு? கேள்வி பதில்

கேள்வி: சுதந்திரம் தமிழ்ச் சொல்லாண்ணா?

பதில்: இல்லப்பா, சமஸ்கிருதம். ஸ்வன்னா தன். தந்த்ரம்னா முதல்ல தறியில இழுத்துக் கட்டுற பாவு, அப்புறம் ஒழுங்கு, நடத்துற முறைன்னு பொருள் விரிஞ்சுச்சு. தன் போக்குல தானே நடக்குறது ஸ்வதந்த்ரம், அடுத்தவன் பிடியில இருக்கறது பரதந்த்ரம். சமஸ்கிருத இலக்கணம் எழுதுன பாணினி, கர்த்தாவுக்கு, அதாவது செயலச் செய்றவனுக்கு, குடுக்குற விளக்கமே 'ஸ்வதந்த்ரன்'தான்.

கேள்வி: சுன்னா நல்ல, அப்போ நல்ல தந்திரம்னு வராதா?

பதில்: வராது. அது ஸ்வ. சுயம், சுபாவம் மாதிரி இதுலயும் வகரம் போயிடுச்சு. காதுல விழுறத வச்சு சொல்லப் பிரிக்காதீங்க, பழைய வடிவத்தப் பாருங்க.

கேள்வி: பைபிள்ல இயேசுவோட மலைப்பிரசங்கத்துல சாந்தகுணமுள்ளவங்க பூமிய 'சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்'னு வருதே ஐயா, பூமிக்கு விடுதலையா?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி. அங்க பொருள் வாரிசா அடையறது, சுதந்தரவாளின்னா வாரிசு. தனக்குன்னு உள்ள, யாரையும் கேக்காம எடுத்துக்கற உரிமைங்கிறதுலேருந்து வந்த பொருள் இது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வருவாய்க் கணக்குகளப் பாத்தா, களத்துல நெல்லு அளக்கறப்போ கொல்லர், தச்சர், கணக்கர்னு ஊருக்கு வேல செஞ்சவங்களுக்குப் பரம்பரையா ஒதுக்குன பங்குக்கும் சுதந்திரம்னுதான் பேரு, அதாவது நாம கொடி ஏத்தற சொல்லு ஒரு காலத்துல நெல்லுப் பங்கு.

கேள்வி: விடுதலைன்னா தளைய விடறதா?

பதில்: தலை வேற, தளை வேற. விடுங்கிற வினைலேருந்து வந்தது. திரும்பவும் சொல்றேன், காத நம்பாதீங்க.

கேள்வி: ஹிந்தில சுதந்திரத்துக்குச் சொல்ற ஆசாதி?

பதில்: ஃபார்சி, அதாவது பாரசீகம். அது தெரிஞ்சவங்களக் கேளுங்க.

கேள்வி: மலேசியால மெர்டேக்கான்றாங்களே?

பதில்: அதுவும் சமஸ்கிருதம்தான், மஹர்த்திக, பெருஞ்செல்வம் உள்ளவன். தென்கிழக்காசியத் தீவுகளுக்குப் போய் அடிமைத்தனத்துலேருந்து விடுபட்டவன்னு ஆச்சு, 1957 ஆகஸ்ட் 31ல அந்த நாட்டோட முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு தடவ முழங்குனது அந்தச் சொல்லத்தான்.

கேள்வி: சுதந்திரம் தமிழா வடமொழியா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: நீங்க சொல்றது தப்பு சார். தரம் வேற, திரம் வேற. சுதந்தரம் சொத்து, சுதந்திரம் விடுதலை, ரெண்டும் தனித்தனிச் சொல்லு.

பதில்: ஒரே சொல்லுதாங்க. 'த்ர'வ தமிழ்ல உடைக்கணும், அகரம் போட்டா தரம், இகரம் போட்டா திரம், அவ்வளவுதான். இன்னைக்கு நாம பொருளப் பிரிச்சு வச்சிருக்கோம்ங்கறதால வேர் ரெண்டாயிடாது.

கேள்வி: அப்போ பைபிள்ல விடுதலைக்கு அதே சொல்லப் போட்டிருக்கணுமே?

பதில்: அந்தச் சொல்லு சொத்துரிமைக்குப் போயிட்டதால வேற சொல்லு தேவைப்பட்டுச்சு. கலாத்தியர் 5:1 எடுத்துப் பாருங்க, பழைய மொழிபெயர்ப்புல 'சுயாதீன நிலைமை'ன்னு இருக்கும்.