ஜுவாலஜியா, கெமிஸ்ட்ரியா?

அன்புள்ள சார்,

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்தேன். பயாலஜி குரூப். இந்த வருஷம் நீட் எழுதினேன். சீட் வருகிற அளவுக்கு மார்க் இல்லை. வீட்டில் சும்மா இருக்காதே, பி.எஸ்சி. சேர்ந்துவிடு என்கிறார் அப்பா. பாரதி மகளிர் கல்லூரியில் ஜுவாலஜி, கெமிஸ்ட்ரி இரண்டில் ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது.

டெக்சாஸில் இருக்கும் என் அத்தை பையன் காலேஜில் ப்ரீ-மெட் படிக்கிறான். இங்கே அதற்கு ஈடான பி.எஸ்சி. எது சார்? செங்குன்றம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பயோமெடிக்கல் சயின்ஸ் இருக்கிறது, அதுதான் ப்ரீ-மெட், முடித்தால் நீட் இல்லாமலே வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு இங்கே டாக்டராகலாம் என்று ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா யோசிக்கிறார்.

எனக்கு கெமிஸ்ட்ரி என்றாலே பயம். டாக்டர் படிப்புக்குப் பக்கமானது ஜுவாலஜிதானே? அதை எடுத்தால் கெமிஸ்ட்ரியை விட்டுவிடலாமா? மூன்று வருஷமும் நீட் எழுதிக்கொண்டே இருக்கலாமா?

எஸ்.,
கொருக்குப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

முதலில் ஏஜென்ட்டை வாசலோடு அனுப்பிவிடுவோம். வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே டாக்டராக வேலை பார்க்க வேண்டுமானால் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2018-லிருந்து இதுதான் விதி. 2021-ல் வந்த ஒழுங்குமுறை இன்னும் இறுக்கியது: படிப்பு 54 மாதத்துக்குக் குறையக் கூடாது, அதற்கு மேல் 12 மாதம் இன்டர்ன்ஷிப், பாடம் நடப்பது ஆங்கிலத்தில். இதில் எந்த இடத்திலும் செங்குன்றத்தில் வாங்கிய பட்டத்துக்கு வேலை இல்லை. வீடு தேடி வந்து சீட் தருகிறவர்களை நான் பொதுவாகவே நம்புவதில்லை என்பதையும் அப்பாவிடம் சொல்.

அத்தை பையன் கதை வேறு. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் போவது அபூர்வம். 1893-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி பட்டம் பெற்றவர்களைத்தான் சேர்ப்போம் என்று ஆரம்பித்தது. 1910-ல் அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை வந்த பிறகு, கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டுத்தான் மருத்துவம் என்பது அங்கே வழக்கமாக ஊன்றிவிட்டது. நான்கு வருஷம் பட்டம், எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு, பிறகு நான்கு வருஷம் மருத்துவம். உன் அத்தை பையன் பட்டத்துக்கு எகனாமிக்ஸ் எடுத்திருக்கலாம், சங்கீதம்கூட எடுத்திருக்கலாம். மருத்துவக் கல்லூரிகள் பார்ப்பது அதற்கு நடுவில் அவன் படித்து முடிக்கும் பாடங்களை: பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் எல்லாம் ஏறக்குறைய ஒவ்வொரு வருஷம், லேபோடு. பயோகெமிஸ்ட்ரியும் பல இடங்களில் கேட்கிறார்கள். 2015-லிருந்து எம்கேட்டில் உளவியலும் சமூகவியலும் ஒரு பகுதி. அறிவியல், கணக்குப் பாட மதிப்பெண்களைத் தனியாகக் கூட்டிப் பார்ப்பதும் உண்டு. அதனால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியையும் பிசிக்ஸையும் ஒரே பருவத்தில் எடுத்துக் கையைச் சுட்டுக்கொள்ளாதே என்று சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். கெமிஸ்ட்ரியை விட்டுவிடும் வசதி அவனுக்கும் இல்லை என்பதைக் கவனி.

இங்கே கணக்கு நேர்மாறு. எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பார்ப்பது பிளஸ் டூ பாடங்களையும் நீட் மதிப்பெண்ணையும். பி.எஸ்சி.யில் நீ தங்கப் பதக்கமே வாங்கினாலும் அந்த ரேங்க் பட்டியலில் ஓர் இடம்கூட முன்னால் நகர மாட்டாய். ஆகவே எந்த பி.எஸ்சி.யும் டாக்டருக்குப் பக்கம் இல்லை, எதுவும் தூரமும் இல்லை. சீட் கடைசிவரை வரவில்லை என்றால் இருபத்தொரு வயதில் எந்தப் பட்டத்தோடு வெளியே வர விரும்புவாய்? அதை வைத்துத் தேர்ந்தெடு. என்னைக் கேட்டால் கெமிஸ்ட்ரி.

பயம் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் தெருவில் சர்க்கரைக்காரர் இல்லாத வீடு இருக்காது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்த சீட்டு ஒன்றை வாங்கிப் பார். கிரியாட்டினின் என்று ஒரு வரி இருக்கும். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர் முதலில் பார்க்கும் வரிகளில் ஒன்று அது. அந்த எண் எப்படி வருகிறது? ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரில், அதாவது சீரத்தில், பிக்ரிக் அமிலத்தையும் காரத்தையும் சேர்ப்பார்கள். மஞ்சளாக இருந்தது ஆரஞ்சுக்கு மாறும். கிரியாட்டினின் எவ்வளவு கூடுதலோ நிறம் அவ்வளவு அடர்த்தி. அதைக் கருவி அளந்து எண்ணாக்கும். 1886-ல் யாஃபே என்ற ஜெர்மன்காரர் எழுதி வைத்த வினை, இன்றும் பல லேப்களில் ஓடுகிறது. அதில் ஒரு சிக்கல் உண்டு. பிக்ரிக் அமிலம் கிரியாட்டினினோடு மட்டும் சேராது. சர்க்கரை முற்றி, கொழுப்பு எரிவதால் வரும் கீட்டோன் என்ற பொருள் உடம்பில் ஏறிய ஆளின் ரத்தத்தில் அந்தக் கீட்டோனோடும் சேர்ந்து நிறம் காட்டும். கிட்னி நன்றாக இருப்பவருக்கும் எண் கூடி வரும். இதைத் தெரிந்த டாக்டர் சீட்டைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நிதானிப்பார். தெரியாதவர் பதறுவார், நோயாளியையும் பதறவைப்பார். நீ பயப்படும் கெமிஸ்ட்ரி இவ்வளவுதான். பிளஸ் டூவில் அதை மனப்பாடமாக ஊட்டிவிட்டார்கள், அதுதான் கசக்கிறது.

ஜுவாலஜி மட்டம் என்று சொல்லவில்லை. பூச்சி, புழு, மீன் என்று உண்மையிலேயே ஆசையிருந்தால் தாராளமாக எடு. காசிமேட்டில் மீன் வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஆசை வருவது இயல்பும்கூட. ஆனால் அங்கே முதல் வருஷம் நீ சந்திக்கப் போவது மனித உடம்பை இல்லை, முதுகெலும்பில்லாத பிராணிகளை. அறுத்துப் பார்ப்பதும் போய்விட்டது. 2014-லேயே பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூ.ஜி.சி., நிறுத்தச் சொல்லிவிட்டது, இப்போது படமும் மாடலும்தான். போதாக்குறைக்கு ஜுவாலஜிக்கு அலைடு பாடமாக, அதாவது துணைப் பாடமாக, பெரும்பாலும் கெமிஸ்ட்ரியே வந்து நிற்கும். கெமிஸ்ட்ரி எடுத்தாலோ அலைடாக பிசிக்ஸ் வர வாய்ப்பு அதிகம், அது நீட்டுக்கும் உதவும்.

மருத்துவத்துக்குள் போக ஸ்டெதாஸ்கோப் மட்டும்தான் வழி என்றும் நினைக்காதே. சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1956-ல் தொடங்கியது. டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாசக்கணக்கில் கிடக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், ஏழை வீடுகளில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகிறார்கள் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது அந்த இடம். மாத்திரையை உண்மையில் சாப்பிடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், சிறுநீரை வாங்கிவந்து மருந்து இருக்கிறதா என்று லேபில் சோதித்தார்கள். டாக்டர்கள் மட்டும் இருந்திருந்தால் அந்த ஆராய்ச்சி நடந்திருக்காது.

வேலை விஷயத்தையும் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத்தின் டி.ஆர்.பி. தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இடங்கள் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பாட்டனி, ஜுவாலஜி என்ற நான்கு பெயரில்தான் வரும். புதுப்பெயர் வைத்த பட்டம் வாங்கினால், இது அதற்குச் சமம் என்ற அரசாணையைத் தேடி அலைய வேண்டும். அரசு ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் வேலைக்கு எம்.எல்.டி. என்ற மெடிக்கல் லேப் டெக்னாலஜி படிப்பைத்தான் கேட்கிறார்கள். மைக்ரோபயாலஜி பட்டத்தோடு போய்த் திரும்பி வந்த பிள்ளைகள் நிறையப் பேர்.

நீட்? இன்னும் ஒரே ஒரு தடவை எழுது. கல்லூரியில் சேர்ந்து, முதல் வருஷத்திலேயே எழுது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு உனக்கு உண்டு. கல்லூரியில் சேர்ந்தாய் என்பதற்காக அது போய்விடாது. இப்போது வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை. அதனாலேயே உனக்கு நீயே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மூன்று வருஷமும் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றால் நீட்டும் வராது, அரியரும் விழும், 75 சதவீத அட்டெண்டன்ஸுக்கு ஒவ்வொரு பருவமும் கெஞ்சிக்கொண்டு நிற்பாய். நடுவில் எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்தால் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யூ.ஜி.சி. 2018-ல் உத்தரவே போட்டிருக்கிறது. சேரும்போதே எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாயா? மாநில இடங்களுக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மார்க்தான், அங்கேயும் 7.5 உண்டு. பி.எஸ்சி. நர்சிங்குக்கும் பிளஸ் டூ மார்க்தான். விண்ணப்பத் தேதி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

அப்புறம், புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் உனக்கு வரும். 2022-ல் அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்ததே பாரதி கல்லூரியில்தான். ஆபீசில் கேட்டு முதல் மாசமே பதிந்துவிடு, ரயில் பாஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

நீட் மார்க் குறைவு என்று மட்டும் எழுதியிருக்கிறாய். 720-ல் பயாலஜிக்கு 360, பிசிக்ஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் 180, 180. மூன்றிலும் தனித்தனியாக எவ்வளவு, தப்பாகப் போட்டு மைனஸ் வாங்கியது எத்தனை, தொடாமல் விட்டது எத்தனை என்று எழுது. பிசிக்ஸை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தால் ஒரு வருஷத்தில் ஏற்றிக்கொள்ள இடமிருக்கிறது. பயாலஜியிலேயே பாதி போயிருந்தால் நான் வேறு மாதிரி சொல்வேன்.